காலா கோடாவின் பழைய கடைவீதிகள்: மும்பைப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு

மும்பையின் கோட்டைப் பகுதியில் இருக்கும் பழைய வணிகக் கட்டடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஊரில் எல்லோரும் ‘ஃபோர்ட்’ என்கிறார்கள். கோட்டைச் சுவரை இடித்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அதன் தெற்குப் பக்கம்தான் காலா கோடா, இன்று நகரத்தின் கலை வட்டாரம். ஓவியக் கூடங்கள், அருங்காட்சியகம், பிப்ரவரி வந்தால் தெரு முழுக்கக் கலைவிழா. விழாக் கூட்டத்தில் சுவரைப் பார்க்க முடியாது என்பதால் அதைத் தவிர்த்து வந்திருக்கிறேன்.

தங்கியிருப்பது செம்பூரில், பெரியப்பா வீட்டில். ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் கற்றுக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் ஸ்டெனோவாகச் சேர்ந்த தலைமுறை அவர். எழுபதுகளில் வந்தவர், ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மதியம் ஹார்பர் லைன் லோக்கலில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் (சி.எஸ்.எம்.டி.) வந்து இறங்கினேன். ஸ்டேஷனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நேராக எதிரே போகும் தாதாபாய் நவ்ரோஜி சாலையில் இறங்கிவிட்டேன். பழைய பெயர் ஹார்ன்பி ரோடு. இந்தச் சாலையில் ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று கோதிக் கூர்வளைவு, அடுத்தது கிரேக்கத் தூண், அதற்கடுத்து இந்தோ சராசெனிக் பாணிக் குவிமாடம். ஆனால் தரைத்தளத்தில் எல்லாமே ஒன்றுபோல, நடைபாதையின் மேல் வளைவுகளோடு கூடிய ஒரு தாழ்வாரத்தை நீட்டி நிற்கின்றன. பாதசாரிக்கு நிழல் தரும் தாழ்வாரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று 1896-இல் விதி போட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர் யாராக இருந்தாலும், கட்டடக்காரர் யாராக இருந்தாலும், கீழே நடப்பவனுக்கு இடம் விட்டாக வேண்டும். வெயில் சுள்ளென்று அடித்த மதியத்தில் பாதித் தூரம் நிழலிலேயே நடந்தேன். பழையது அழகாக இருக்கிறது என்பதைவிட இந்த உபயோகம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வளைவுகளை இன்று பார்க்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளில் இந்தச் சாலை முழுக்க விளம்பரப் பலகைகள். கடைக்கடைக்குப் போட்டி போட்டுப் பெரிதாக்கி, வளைவையும் செதுக்கு வேலையையும் மறைத்துவிட்டிருந்தார்கள். கட்டடப் பாதுகாப்பு நிபுணர் ஆபா நாராயண் லாம்பா இந்தச் சாலைக்கென்று ஒரு வழிகாட்டுக் குறிப்பு தயாரித்தார். கடைப் பெயர்ப்பலகை வளைவுக்குள் அடங்க வேண்டும், தூணை மறைக்கக் கூடாது, இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று. கடைக்காரர்களைப் பேசி இணங்கவைத்துப் பலகைகளை மாற்றினார்கள். 2004-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதில் இதற்கு ஓர் இடம் கிடைத்தது. கோபுரத்தைப் புதுப்பித்தால் படம் எடுத்துப் போடலாம். ஒரு செருப்புக் கடையின் போர்டை இரண்டடி குறைக்கவைப்பதில் அந்தக் கவர்ச்சி இல்லை. உண்மையான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

சனி

காலா கோடா என்றால் கருப்புக் குதிரை. பம்பாய்க்கு 1875-இல் வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை ஒன்றை ஆல்பர்ட் சசூன் நகரத்துக்குக் கொடுத்தார். வெண்கலம் கருத்துப்போனதில் ஜனங்கள் ராஜாவை விட்டுவிட்டுக் குதிரையின் பெயரை வட்டாரத்துக்கு வைத்துவிட்டார்கள். 1965-இல் சிலையை எடுத்துவிட்டார்கள். 2017-இல் அதே வட்டாரத்தில் புதிதாக ஒரு குதிரை வந்தது. மேலே ஆள் இல்லை, சேணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடம் உருவானதற்கு மூலகாரணம் அமெரிக்காவில் நடந்த சண்டை. 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றுபோனது. எல்லாரும் பம்பாயைத் தேடி வந்தார்கள். பருத்தி விலை ஏற ஏற நகரத்தில் பணம் கொட்டியது. ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் அந்த நேரம் பார்த்துக் கோட்டைச் சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் போன இடம் மனையாக ஏலத்துக்கு வந்தது. 1865-இல் போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, வங்கிகள் விழுந்தன, பெரிய பெரிய வியாபாரிகள் திவாலானார்கள். ஆனால் மனைகளும் தெருக்களும் திட்டங்களும் இருந்தன. அந்தச் சரிவுக்கு அப்புறம் எழுந்தவைதான் இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை. கோட்டை மதில் ஓடிய வரிசையில் அமைந்த தெருவுக்கு ராம்பார்ட் ரோ என்றே பெயர். இப்போது கே. துபாஷ் மார்க்.

தெருவில் முதலில் டேவிட் சசூன் நூலகம். பாக்தாத்திலிருந்து வந்த யூத வணிகக் குடும்பம் சசூன்கள். பருத்தி மட்டுமல்ல, சீனாவுக்கு அபினும் ஏற்றுமதி செய்தவர்கள். அந்தப் பணத்தில் கட்டிய நூலகம், கப்பல்துறை, யூத ஆலயம் எல்லாம் இந்த நகரத்தில் இருக்கின்றன. அழகைப் பார்க்கும்போது அபினையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. நூலகத்தின் கதை எனக்குப் பிடித்தது. அரசு நாணயச் சாலையிலும் கப்பல் தளத்திலும் வேலை பார்த்த இளம் மெக்கானிக்குகள் 1847-இல் தங்களுக்காகத் தொடங்கிய சங்கம்தான் இதன் வேர். 1870-இல் இந்த மஞ்சள் மலாடு கல் கட்டடம் வந்தது. அண்மையில் நடந்த சீரமைப்பில், இடையில் யாரோ மேலே போட்டுவைத்த கான்கிரீட் தளத்தை அகற்றிவிட்டு, பழையபடி மரச் சட்டத்தில் சரிவுக் கூரை போட்டிருக்கிறார்கள். கான்கிரீட்டின் கனத்தைக் கல் சுவர் இத்தனை வருடம் தாங்கியதே பெரிது.

மலாடு கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே தள்ளி நிற்கும் தூண் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். மஞ்சள் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஒரே கல்லில் சந்தன நிறமும் துருச் சிவப்பும் கோடு கோடாக ஓடுகிறது. மழைநீர் வழிகிற பக்கம் பூச்சுப் போலக் கருத்திருக்கிறது. இணைப்புகளில் சில இடத்தில் வெண்ணிறச் சுண்ணாம்புச் சாந்து, சில இடத்தில் சாம்பல் நிற சிமெண்ட். சிமெண்ட் வைத்த இடத்தில்தான் கல்லின் ஓரம் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும்போது கல்லின் தோல் உரிகிறது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துப் பூசியதுதான். பழைய கல் கட்டடம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கொத்தனார் சிமெண்ட் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதிர்ப் பக்கம் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, 1952-இல் திறந்தது. அதற்கு வெளியே நடைபாதையில் ஓவியர்கள் படங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வெளியே அப்படி இல்லை என்றார் அங்கிருந்த ஓவியர் ஒருவர். கேலரிக்குள் 1964 முதல் இயங்கிய சமோவர் சிற்றுண்டிச்சாலை 2015-இல் மூடப்பட்டது. தெருமுனையில் ரிதம் ஹவுஸ், நாற்பதுகளில் தொடங்கிய இசைத்தட்டுக் கடை, 2016-இல் மூடியது. பக்கத்திலேயே இருந்த வேசைட் இன் உணவகமும் எப்போதோ போய்விட்டது. கலை வட்டாரம் என்று பெயர் வருவதற்கு முன்பே கலைஞர்கள் வந்து உட்கார்ந்திருந்த இடங்கள் இவை. கொஞ்சம் காசில் ஒரு டீயோடு மதியம் முழுக்க உட்காரலாம் என்ற வசதி போய்விட்டால், வட்டாரத்தில் என்ன கலை மிஞ்சும் என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது. இன்று ஒரு காபிக்குக் கொடுத்த பணத்தில் ஊரில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

பின்னால் ஃபோர்ப்ஸ் தெருவில் 1884-இல் கட்டிய கெனெசெத் எலியாஹூ யூத ஆலயம். சில வருடம் முன்புவரை முழுக்க வெளிர்நீலம். சீரமைத்தவர்கள் பூச்சை அடுக்கு அடுக்காகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, வெள்ளையும் கருநீலமுமாக மாற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தேன், அவ்வளவே.

ஞாயிறு

இன்று முழுக்க ஒரே கட்டடம். எஸ்பிளனேட் மேன்ஷன், அதாவது பழைய வாட்சன் ஹோட்டல்.

பெரியப்பா வெள்ளைச் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, ஆபீஸுக்குப் போவது மாதிரிக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோர்ட் இல்லை, தெருவில் ஆள் இல்லை. நாங்கள் போனபோது தகரத் தடுப்புக்குப் பின்னால் கட்டடம் நின்றது. அவர் தலையைத் தூக்கி மாடிகளை எண்ணினார்.

“அந்தா மூணாவது மாடி, ஓரத்து ஜன்னல் தெரியுதா? அங்கதாம்மா என் டைப்ரைட்டர் கெடந்துச்சு. வக்கீல் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். மழை பெஞ்சா மேசைய நகத்தணும்.”

துணி வியாபாரி ஜான் வாட்சன் கட்டியது இது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். லண்டன் செயின்ட் பங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பெரும் கூரையிலும், தேம்ஸ் மேல் இருக்கும் ஆல்பர்ட் பாலத்திலும் அவர் கை இருக்கிறது. தூண், உத்தரம், கைப்பிடி எல்லாவற்றையும் இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் ஏற்றி, 1860-களில் இங்கே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். கனத்தைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டகம், செங்கல் சுவர் இடைவெளியை அடைப்பதற்கு மட்டும். பிற்காலத்து உயரக் கட்டடங்களுக்கெல்லாம் அடிப்படையான இந்த யோசனை, இத்தனை பெரிய அளவில், அந்தக் காலத்தில் இந்தியாவில் நின்றிருக்கிறது. 1871-இல் ஹோட்டல் திறந்தது. 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் ஆட்கள் இங்கேதான் இந்தியாவின் முதல் சினிமாக் காட்சியை நடத்தினார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். ஜாம்ஷெட்ஜி டாடாவை இங்கே உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்று ஒரு கதை இருக்கிறது. பெரியப்பாவும் சொன்னார், வாட்ச்மேனும் சொன்னார். உறுதியான ஆதாரம் இல்லாத கதை. கட்டடத்துக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

ஹோட்டல் தொழில் நொடித்த பிறகு அறைகளைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். செஷன்ஸ் கோர்ட் பக்கத்திலேயே என்பதால் வக்கீல்கள் நிறைய வந்தார்கள். வக்கீலைச் சுற்றி டைப்பிஸ்ட், நோட்டரி, ஜெராக்ஸ் கடை. திறந்த பால்கனிகளையும் பலகை அடித்து அறையாக்கிக்கொண்டார்கள். பெரியப்பா வேலை பார்த்த அறையே அப்படி ஒரு பால்கனித் துண்டுதானாம். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். “வக்கீலோட ஒரு நாள் பஸ், டீச் செலவு வருமா, அவ்வளவுதான்.”

அங்கேதான் விஷயம். 1947-இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940-ஆம் வருட அளவில் கட்டிப்போட்டது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில், பிரிவினையால் ஜனங்கள் வந்து குவிந்த நேரத்தில், ஏழை எளியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம். அன்று அது நியாயம். ஆனால் பல வருடத்துக்கு ஒருமுறை நீட்டித்து நீட்டித்து அரை நூற்றாண்டு ஓட்டிவிட்டார்கள். சொந்தக்காரருக்கு வரும் வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூடக் காணாது. குடியிருப்பவர் தன் காசைப் போட்டுச் செய்யலாம் என்றால், கட்டடம் தன்னுடையது அல்ல. அரசின் பழுதுபார்ப்பு வாரியம் செஸ் வரி வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும், ஆனால் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் வரிசையில். ஒரு குழாய் ஒழுகினால் மூன்று பேரும் மற்ற இருவர் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குள் இரும்பு துருப்பிடித்துவிடும். 1999-இல் வந்த புதுச் சட்டம் வங்கிகளையும் பெரிய கம்பெனிகளையும் இந்தப் பாதுகாப்பிலிருந்து எடுத்தது. சிறு வக்கீல், சிறு கடைக்காரர் பழையபடியே.

2005-இல் இதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்ச்சேதமும் ஆனது. அதே வருடம் உலக நினைவுச் சின்ன நிதியம், ஆபத்திலிருக்கும் நூறு இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ இதற்காகக் குரல் கொடுத்தவர். 2019-இல் நீதிமன்ற உத்தரவுப்படி உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். இடித்துவிடலாம் என்ற பரிந்துரைகூட வந்தது.

தடுப்பின் இடுக்கு வழியாக ஒரு தூண் நன்றாகத் தெரிந்தது. அடியிலிருந்து மேலே போகப் போகச் சற்றே மெலிகிறது. தலைப்பகுதியில் இலை வேலைப்பாடு, எத்தனையோ பூச்சுகளுக்கு அடியில் விளிம்பு மழுங்கிப்போய்க் கிடக்கிறது. பூச்சு உரிந்த இடத்தில் பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே இரும்பு. இரும்பு கெட்டியாகத்தான் இருக்கிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். பிரச்சினை, என் பார்வையில், அதன்மேல் பிற்காலத்தில் ஏற்றிய பலகைத் தடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கூடுதல் பாரமும். அவற்றை இறக்கிவிட்டு, அழுகிய மரத்தை மாற்றி, சட்டகத்தைச் சுத்தம் செய்தால் இந்தக் கட்டடம் நிற்கும் என்று நான் மனதார நம்புகிறேன். அதே தெருவில் பக்கத்திலேயே ஆர்மி அண்ட் நேவி கட்டடம், 1890-களில் ஆங்கில அதிகாரிகளுக்காக நடந்த பெரிய கடை. இன்று கீழ்த்தளத்தில் துணிக்கடை, ஒவ்வொரு வளைவும் துடைத்துவைத்தது போல. அதற்கு ஒரே ஒரு சொந்தக்காரர், டாடா குழுமம். கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா திரும்பி வரும்போது அதிகம் பேசவில்லை. சர்ச்கேட்டில் இரானி டீ குடித்தோம்.

திங்கள்

அருங்காட்சியகங்கள் பலவும் விடுமுறை. பைகுல்லா போய், இடம் மாற்றிய பழைய குதிரையைப் பார்த்தேன். மிருகக்காட்சிசாலை வளாகத்தில், பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தை ஒட்டி இருக்கிறது. நல்ல சிலை. ஆனால் மரங்களுக்கு நடுவே யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மழை வரும்போல இருந்ததால் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டேன். பெரியம்மா புளிக்குழம்பு வைத்திருந்தார்.

செவ்வாய்

குயின்ஸ் மேன்ஷன். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணப் பழைய அலுவலகக் கட்டடம். மாடியில் கெமோல்டு ஓவியக்கூடம். கேகூ காந்தி 1963-இல் ஜஹாங்கீர் கேலரியின் மாடியில் ஒரு சின்ன இடத்தில் தொடங்கியது, 2007-இல் இங்கே வந்தது. மரப் படிக்கட்டில் ஏறி உள்ளே நுழைந்தால் விரிந்து கிடக்கிறது இடம். உயரமான கூரை, நடுவில் இரும்புத் தூண்கள், தெருவைப் பார்த்து ஜன்னல்கள். பண்டமும் பேரேடும் ஏராளமான ஆட்களும் வந்துபோவதற்காகக் கட்டிய கூடம் என்பதால், ஒரு பெரிய சிற்பத்தை வைத்தாலும் சுற்றிவர இடம் இருக்கிறது. புதுக் கட்டடங்களில் ஒன்பதடிக் கூரைக்குள் இதைச் செய்ய முடியாது. கலைக்கூடங்கள் பழைய வணிகக் கட்டடங்களைத் தேடி வருவதற்கு ரசனை ஒரு காரணம் என்றால், இந்த அளவு இன்னொரு காரணம்.

இங்கே இருந்த இளம்பெண் ஒருவரிடம் கேட்டேன், ஒழுகுமா என்று. மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் கூரையைப் பார்த்துவிடுவோம் என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

1998-இல் ஏற்பட்ட காலா கோடா சங்கம் செய்ததும் கிட்டத்தட்ட இந்த மாதிரி வேலையைத்தான். அடுத்த வருடம் கலைவிழாவைத் தொடங்கி, அதில் திரட்டிய பணத்தைக் கட்டட முகப்புகளுக்கும் நடைபாதைக்கும் செலவு செய்தார்கள். மும்பையில் 1995-இலேயே பாரம்பரியக் கட்டட விதிகள் வந்துவிட்டன, நாட்டில் வேறெந்த நகரத்துக்கும் முன்னால். பட்டியலில் சேர்த்தால் அனுமதியில்லாமல் இடிக்க முடியாது. ஆனால் பட்டியல் கூரை மாற்றாது, அதற்கு யாராவது பணம் எடுத்துவைக்க வேண்டும். விழா அதற்கு ஒரு வழி கண்டது.

மாலை ஹார்னிமன் சர்க்கிள். வட்டத் தோட்டம், சுற்றிலும் ஒரே உயரத்தில் வளைந்து நிற்கும் கட்டடங்கள், பருத்திச் சரிவுக்குப் பின் 1872-இல் முடித்தது. தோட்டத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள். அருகில் சிவப்பு நிறத்தில் பம்பாய் சமாசார் கட்டடம். 1822-இல் தொடங்கி இன்றுவரை நிற்காமல் வரும் குஜராத்தி நாளிதழ், ஆசியாவிலேயே தொடர்ந்து வெளிவருவதில் மிகப் பழையது. வாசலில் அன்றைய தாளைக் கட்டுக் கட்டாக இறக்கியிருந்தார்கள். குஜராத்தி தெரியாது, ஆனாலும் பெரியப்பாவுக்குக் காட்ட ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பல்லார்ட் எஸ்டேட்டை டாக்ஸியில் கடந்துபோனதோடு சரி. ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்தது, கப்பல்துறை தோண்டிய மண்ணை நிரப்பிய நிலத்தில் கப்பல் கம்பெனிகளுக்காக எழுந்த வட்டாரம், முழு நாள் வேண்டும். அடுத்த முறைக்கு ஒதுக்கியிருக்கிறேன். போகிறவர்களுக்கு: காலா கோடாவுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள், வெயில் ஏறியிருக்காது. எஸ்பிளனேட் மேன்ஷனுக்கு உள்ளே போக முடியாது. எதிர் நடைபாதையில் நின்று மேலே இருந்து கீழாகப் பாருங்கள், அப்போதுதான் தூண்களின் வரிசை முழுதாகத் தெரியும்.